மும்பை - கோவா ரயில் பயணம்: மழைக்காலத்தில் அறிய வேண்டியவை

நாட்டின் எழில்மிகு ரயில் பாதைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது மும்பையையும் கோவாவின் மட்காவ் நகரையும் இணைக்கும் கொங்கண் வழித்தடம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையே செல்லும் இப்பாதை, பருவமழையில் முழு அழகைப் பெறுகிறது. பயணிகள் அதிக கவனத்துடன் திட்டமிட வேண்டிய காலமும் அதுவே.

பாதையின் வரலாறு

மகாராஷ்டிரத்தின் ரோஹா முதல் மங்களூரு அருகேயுள்ள தோக்கூர் வரை 741 கி.மீ. நீளும் இப்பாதைக்காக, கொங்கண் ரயில்வே கழகம் 1990-இல் தொடங்கப்பட்டது. பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில் நடைபெற்ற பணிகள் நிறைவடைந்து, 1998 ஜனவரி 26-இல் முழுப் பாதையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2022-இல் மின்மயமாக்கல் முடிவடைந்தது.

காண வேண்டியவை

மும்பையிலிருந்து தெற்கே செல்லும்போது இடப்புறம் மலைத்தொடர் உடன் வருகிறது. ரத்னகிரிக்கு முன்பாக, சுமார் 6.5 கி.மீ. நீளமுள்ள கர்புடே சுரங்கப்பாதை அமைந்துள்ளது. ரத்னகிரியைக் கடந்ததும் 64 மீட்டர் உயரமுள்ள பன்வல் ஆற்றுப் பாலம் வருகிறது. கோவாவில் மாண்டவி, ஜுவாரி ஆறுகளை ரயில் கடக்கிறது. கடலோரப் பாதை எனப்பட்டாலும், இப்பயணத்தில் அதிகம் தென்படுவன மலைகள், ஆறுகள், வயல்வெளிகளே.

எந்த ரயிலில் செல்லலாம்?

மும்பை சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் மாண்டவி விரைவு ரயில், பெரும்பாலான தொலைவைப் பகல் வெளிச்சத்தில் கடக்கிறது. கண்ணாடிக் கூரையுடன் கூடிய விஸ்டாடோம் பெட்டி ஜனசதாப்தி ரயிலில் 2017-இல் இணைக்கப்பட்டது. விரைந்து செல்ல விரும்புவோருக்கு 2023 ஜூனில் தொடங்கப்பட்ட வந்தே பாரத் ரயில் உள்ளது. தமிழகத்திலிருந்து செல்வோர் திருநெல்வேலி - ஜாம்நகர் ரயிலில் இவ்வழியே பயணிக்கலாம்.

மழைக்கால அட்டவணை ஏன்?

2003 ஜூனில் வைபவ்வாடி அருகே மண்சரிவில் சிக்கி ரயில் தடம் புரண்டதில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே கரஞ்சாடி அருகே பாறைகள் மீது மோதிய மத்ஸ்யகந்தா விரைவு ரயில் விபத்துக்குள்ளானது. இதையடுத்து மலைச்சரிவுகளைப் பலப்படுத்தும் பணிகளும் வேகக் கட்டுப்பாடும் தீவிரமடைந்தன.

மழைக்காலத்துக்கெனத் தனி கால அட்டவணை ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடைமுறைக்கு வருகிறது. தண்டவாளத்தில் இரவு பகலாக ரோந்து நடைபெறுகிறது. கனமழையால் பார்வைத் தெளிவு குறைந்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மட்டுமே ரயிலை இயக்க ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. இதனால் பயண நேரம் அதிகரிக்கிறது. சில ரயில்கள் இயங்கும் நாள்களும் குறைக்கப்படுகின்றன.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னரும் இடையூறுகள் முற்றிலும் நீங்கவில்லை. 2024 ஜூலையில் பெர்னெம் சுரங்கப்பாதையில் ஏற்பட்ட நீர்க்கசிவால் பல ரயில்கள் ரத்து செய்யப்பட்டன அல்லது மாற்றுப் பாதையில் திருப்பி விடப்பட்டன.

பயணிகள் கவனத்துக்கு

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை செல்வோர், பழைய பயணச்சீட்டில் உள்ள நேரத்தை நம்பாமல் நடப்பு அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும். ரயிலின் நிலையை 139 என்ற எண்ணில் அறியலாம். மட்காவில் இறங்கி அதே நாளில் விமானமோ வேறு ரயிலோ பிடிக்கும் வகையில் திட்டமிடுவதை மழைக்காலத்தில் தவிர்ப்பது நல்லது.