55 கிலோமீட்டர்: சங்கரன்கோவிலில் இருந்து பல்கலைக்கழகம் வரை

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் சங்கரன்கோவில் இ-சேவை மையங்களின் வாசலில் கூட்டம் நிற்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிள்ளைகள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். கூட வருகிற அம்மா பூ கட்டுபவராக இருப்பார், விசைத்தறிக்குப் போகிறவராக இருப்பார், காட்டுவேலைக்குப் போகிறவராக இருப்பார். களப்பணியில் இருக்கும் எங்களிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் காலேஜுல போட்டா புள்ளைக்கு நல்லது, சொல்லுங்க."

இங்கிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அந்த நகருக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே என்ன படிக்கலாம் என்று சேர்க்கைக் கையேடு சொல்லிவிடும். அந்த வாசல் வரை நாம் எப்படி வந்தோம் என்பதைக் கையேடு சொல்லாது. அதை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

1891இல் இருந்து தொடங்குவோம். பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகம் வெளிவந்த ஆண்டு அது. நாம் பள்ளியில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரும் நூலின் பெயரும் சேர்ந்தே வைக்கப்பட்டன.

அதே 1891, டிசம்பர் 1ஆம் தேதி, நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், படிக்க உதவித்தொகை, படித்தவர்களுக்கு அரசு வேலை ஆகியவை அங்கே வைக்கப்பட்ட கோரிக்கைகளில் இருந்தன. முதல் நிகழ்வு எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை நம்மில் எத்தனை பேர் பள்ளியில் படித்தோம்?

இப்படி இரண்டு வரலாறுகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. பல்கலைக்கழகம் என்ற கட்டடம் எழுந்தது ஒரு வரலாறு. அந்தக் கட்டடத்துக்குள் நாம் நுழையும் உரிமை வந்தது வேறொரு வரலாறு.

இரண்டாவது வரலாறு மெல்லத்தான் நகர்ந்தது. 1893இல் சென்னை மாகாண அரசு 'பஞ்சமர்' கல்விக்கென ஆணை போட்டது. 1920 வாக்கில் தொழிலாளர் துறை ஆணையரின் பொறுப்பில் ஒடுக்கப்பட்டோருக்கான பள்ளிகளும் விடுதிகளும் உதவித்தொகையும் வந்தன. பெரியவர்கள் 'லேபர் பள்ளிக்கூடம்' என்று சொல்வது அதைத்தான். இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கே இருக்கிறது. 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினராக இருந்து நம் கல்விக்காக வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. இந்தியா விடுதலை அடையும் முன்பே வந்த அந்தத் திட்டத்தின் பணம்தான் இன்றும் நம் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

இரண்டு வரலாறுகளும் சந்தித்தது 1990இல். அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அம்பேத்கருக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டது. ஆகஸ்ட் 7 அன்று மண்டல் பரிந்துரையை ஏற்பதாக பிரதமர் வி.பி. சிங் அறிவித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 7 அன்று, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. அதுவரை தென்மாவட்டக் கல்லூரிகள் 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மதுரை நமக்கு நெல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை அனுப்ப எத்தனை வீடுகள் துணிந்திருக்கும்?

தூரம் குறைந்ததால் சாதி குறைந்துவிடவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியது. டிவியும் தையல் மெஷினும் உடைந்தன. பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் எரிந்தன. சான்றிதழை ஏன் எரிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் எது இருப்பது அவர்களை உறுத்துகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது இதே மண்ணில்தான்.

சரி, போனால் என்ன கிடைக்கும்? சமூகவியல், வரலாறு, குற்றவியல், தொடர்பியல், கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் என்று முதுகலை, ஆய்வுப் படிப்புகள் அபிஷேகப்பட்டியில் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஆழ்வார்குறிச்சி, கடல் அறிவியலுக்கு ராஜாக்கமங்கலம். இளங்கலைக்கு உறுப்புக் கல்லூரிகள் புளியங்குடி, கோவிந்தப்பேரி வரை வந்திருக்கின்றன. குற்றவியலையும் சமூகவியலையும் நாங்கள் அழுத்திச் சொல்வோம். நம் ஊர் வழக்குகளையும் நம் தெருக்களையும் இதுவரை மற்றவர்கள்தான் ஆய்வு செய்தார்கள். இனி நாம் எழுதுவோம்.

சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. அந்த 18க்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்களின் கட்டாயக் கட்டணத்தையும் அரசே ஏற்க வழி செய்தது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களும் அதில் உண்டு. உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு இப்போது நேராக மாணவரின் கணக்குக்கே வருவதால், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கை முதலிலேயே தயார் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் தெரியாததால் என்ன ஆகிறது என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு தனியார் கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் உடனே கட்டச் சொன்னார்கள். அந்த மாணவியின் அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டினார். உதவித்தொகை என்று ஒன்று இருப்பதே இரண்டாம் ஆண்டில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. கம்மல் ஏலத்தில் போயிருந்தது.

ஆகவே எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, பட்டியல் சாதி மாணவர்களுக்கு விடுதியில் இடம் இருக்கிறதா? இரண்டு, யுஜிசியின் 2012 விதிமுறைப்படி சமவாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கும் அதிகாரியும் இருக்கிறார்களா, அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா? மூன்று, பேராசிரியர் பணியிடங்களில் நமக்குரியவை எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? மூன்றாவதற்கு வாயால் பதில் வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். சேர்ந்த பிறகு இதைக் கேட்பது மாணவர் அமைப்புகளின் வேலை.

எந்தக் காலேஜ் நல்லது என்று கேட்ட அம்மாவுக்கு எங்கள் பதில் இதுதான். அரசு இடம் கிடைத்தால் விடாதீர்கள். இதை யாரும் நமக்குச் சலுகையாகத் தரவில்லை. 1891இல் கேட்டதை இப்போதுதான் வாங்குகிறோம், இன்னும் பாக்கி இருக்கிறது. பிள்ளையை பஸ் ஏற்றிவிடுங்கள். சான்றிதழ்களை மட்டும் இரண்டு செட் நகல் எடுத்து வையுங்கள்.

ஜெய்பீம்.