இரண்டு காவலூர்களும் ஒரு நிழலும்

காவலூர் என்றதும் யாழ்ப்பாணத்தவருக்கு நினைவில் எழுவது ஊர்காவற்றுறைதான். வானியலாளருக்கோ அது தமிழ்நாட்டில், வாணியம்பாடிக்கு அருகே, ஜவ்வாது மலையிலுள்ள சிற்றூர். 1977 மார்ச் 10ஆம் திகதி நள்ளிரவு தாண்டிய வேளையில் இவ்விரு ஊர்கள் மீதும் ஒரே நிழல் விழுந்தது.

அன்றிரவு யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே செல்லும் என வானியலாளர் கணித்திருந்தனர். இத்தகைய மறைப்பின்போது நட்சத்திர ஒளி எவ்வளவு நேரம், எவ்வாறு மங்குகிறது என்று அளந்தால் கோளின் பருமனையும் வளிமண்டலத்தையும் அறியலாம். அதற்காகவே ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் மலைக்காவலூரில் 102 செ.மீ. தொலைநோக்கியுடன் விழித்திருந்தனர். எதிர்பார்த்த வேளைக்கு முன்னரே ஒளி சில விநாடிகள் குன்றி மீண்டது. யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டிருக்க வேண்டும் என இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதினர்.

அதே இரவில், தென் இந்து சமுத்திரத்தின் மேல் பறந்த நாசாவின் வான்கூட விமானத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இருந்தனர். கோள் மறைப்பதற்கு முன்னரும் பின்னரும், ஏறக்குறைய சமதூரங்களில், ஒளி பலமுறை குன்றியதை அவர்கள் பதிந்தனர். தனித்த துணைக்கோளால் அவ்வாறு நிகழாது. காரணம் வளையங்கள். அதுவரை சனிக்கு மட்டுமே வளையங்கள் உண்டென உலகம் அறிந்திருந்தது. காவலூர்ப் பதிவும் அக்கண்டுபிடிப்புக்குச் சான்றாயிற்று.

அவ்வேளையில் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று ஒருவர் அண்ணாந்து பார்த்திருந்தாலும் எதையும் கண்டிருக்க மாட்டார். அந்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது.

புலப்படும் நட்சத்திரங்களும் மறைப்புக்கு விலக்கல்ல. சைவர்கள் சிவனுக்குரியதாகப் போற்றும் திருவாதிரையை 2023 டிசம்பர் 12இல் லியோனா என்ற சிறுகோள் கடந்தது. துருக்கி, கிரேக்கம், தென் இத்தாலி, ஸ்பெயின் வழியே ஓடிய ஒடுங்கிய பாதையில் நின்றவர்கள், அச்செந்நிற ஒளி சில விநாடிகள் மங்கியதைக் கண்டனர். அவர்களுட் பலர் சொந்தத் தொலைநோக்கியுடன் வந்த சாதாரண ஆர்வலர்கள்.

செய்தித் தொழிலில் காலங்கழித்த எனக்கு மலைக்காவலூர்க் கதையில் பிடித்தது ஒன்று. அவ்விருவரும் கொண்ட பொருள் பிழைத்தது. குறித்த நேரமும் அளவும் பிழைக்கவில்லை. அதனாற்றான், விளக்கம் மாறிய பின்னரும் அவர்களின் பதிவு பயன்பட்டது. கண்டதை ஒழுங்காகக் குறித்து வைப்பவனுக்கு வரலாறு இடமளிக்கிறது.