தாயின் சுபாவமும் சேயின் சுபாவமும்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பெருமையாகச் சொல்லப்படும் இடங்களும் உண்டு. ஆனால், இரவெல்லாம் அழுது தீர்க்கும் குழந்தை பிறந்த வீட்டில் அதே பழமொழி தாயின் மீது எறியப்படும் கல்லாக மாறிவிடுகிறது. பழியைச் சுமப்பவளோ, பேறுகால அயர்வுகூடத் தீராத ஓர் இளம்பெண். இந்தப் பழி எவ்வாறு வளர்ந்தது, அதனை அறிஞர்கள் எவ்வாறு இறக்கி வைத்தனர் என்பதை வரலாற்றின் வழியே காண முற்படுகிறோம்.

யூனானி ஹகீம்களின் வாயிலாக நாம் கேட்டுப் பழகிய "மிஸாஜ்" என்ற அரபுச் சொல்லுக்குக் "கலவை" என்பது அடிப்படைப் பொருள். சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய நான்கும் ஒவ்வோர் உடலிலும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன என்றும், அக்கலவையே மனிதனின் உடல்நிலைக்கும் மனநிலைக்கும் அடிப்படை என்றும் கிரேக்க மருத்துவர் காலன் எழுதினார். அரபு மருத்துவர்கள் அதனை ஏற்று விரித்தனர். இன்றைய விஞ்ஞானம் இக்கொள்கையைக் கைவிட்டுவிட்டது. ஆயினும், மனிதர் பிறவியிலேயே வெவ்வேறு சுபாவம் உடையோர் என்ற அதன் உட்கருத்து அழிந்துவிடவில்லை.

இப்னு சீனா (980-1037) தமது "அல்கானூன்" நூலில் பச்சிளங் குழந்தைகளைப் பேணும் முறைக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கினார். தாய்ப்பாலே சிறந்தது என்றார். செவிலித்தாய் அமர்த்த நேர்ந்தால், அவள் விரைவில் கோபமும் துயரமும் கொள்ளாத நற்குணத்தினளாய் இருக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று, அக்குணம் பாலின் வழியே குழந்தையைக் கெடுக்கும் என்பது. இதனை நாம் இன்று ஏற்பதற்கில்லை. மற்றொன்றோ, தீய சுபாவமுடையவள் குழந்தையை அனுசரித்துத் தேற்றுவதில் குறை வைத்துவிடுவாள் என்பது. இது இன்றும் ஆராய்ச்சிக் கூடங்களில் பேசப்படும் கருத்தாகும். குழந்தை சற்று வளர்ந்த பின், அது எதை நாடுகிறது, எதை வெறுக்கிறது என்பதை எந்நேரமும் கவனித்து, நாடுவதை அருகில் கொணர்ந்தும், வெறுப்பதை அகற்றியும் அதன் உள்ளத்தைக் காக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். கடுங்கோபம், பயம், துக்கம், உறக்கமின்மை ஆகியவை குழந்தையை அணுகாமல் காப்பது உடலுக்கும் நன்மை, ஆன்மாவுக்கும் நன்மை என்பது அவர் முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர், தொட்டிலுக்கு அருகில் நின்று குழந்தையின் விருப்பு வெறுப்பைப் படிக்கச் சொன்னார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058-1111) அவர்கள் "இஹ்யா"வில், பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் குழந்தை என்று எழுதினார்கள். அதே நூலில், எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் மருத்துவன் பலரைக் கொன்றுவிடுவான் என்றும், அதுபோலவே சீடர்களைப் பக்குவப்படுத்தும் ஷைகும் ஒவ்வொருவருடைய வயதையும் மிஸாஜையும் ஆராய்ந்தே பயிற்சி தர வேண்டும் என்றும் விளக்கினார்கள். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நிற்கையில், குழந்தை ஒன்று அழும் ஓசை கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகள் அறிவிக்கின்றன. அழும் பிள்ளையும் அலைபாயும் தாயும் அங்கே ஒன்றாகவே கருதப்படுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டு மேலைநாட்டு மனோதத்துவம் இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது. அமெரிக்கரான ஜான் வாட்சன் 1928-இல் குழந்தை வளர்ப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். பிள்ளையை அணைக்காதீர், முத்தமிடாதீர், காலையில் கைகுலுக்குங்கள் என்பது அவருடைய உபதேசம்! பிறவிச் சுபாவம் என ஒன்றில்லை, எல்லாம் வளர்ப்பே என்பது அவர் கட்சி. வாட்சனுக்கு முற்றிலும் மாறுபட்ட உளப்பகுப்பாய்வாளர்களும் பிள்ளையின் கோளாறுக்குத் தாயையே காரணம் காட்டினர். பேச்சும் உறவாடலும் குன்றிய ஆட்டிசம் என்னும் நிலைக்குக்கூட, உள்ளன்பற்ற தாயே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வாதிட்டார். அது முழுத் தவறு என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. ஆனால், அதற்குள் எத்தனை தாய்மார்கள் தம்மைத் தாமே வெறுத்துக் கண்ணீர் வடித்தனரோ!

இச்சூழலில்தான் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவத் தம்பதியர் ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் இருவரும் 1956-இல் ஒரு நெடிய ஆய்வைத் தொடங்கினர். பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கி, 133 குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தனர். துறுதுறுப்பு, பசி உறக்கத்தின் ஒழுங்கு, புதியதை அணுகும் பாங்கு, மாற்றத்துக்கு இணங்குதல், உணர்ச்சியின் வேகம், விடாப்பிடி என ஒன்பது கூறுகளை அளந்தனர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்குவோர். 10 விழுக்காட்டினர் வளர்ப்பதற்குக் கடினமானோர். 15 விழுக்காட்டினர் தயங்கித் தயங்கிப் பழகுவோர். எஞ்சியோர் எவ்வகையிலும் அடங்காதோர். கடினமான பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் பின்னர் நடத்தைச் சிக்கல்கள் தோன்றின. இணங்கும் பிள்ளைகளில் அது 18 விழுக்காடுதான்.

இவ்வெண்களை மட்டும் பார்த்தால் பழி தாயிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிட்டதாகவே தோன்றும். செஸ் தம்பதியரின் சிறப்பு, அங்கே நின்றுவிடாததுதான். கடினமான பிள்ளைகளிலும் 30 விழுக்காட்டினர் நன்றாக வளர்ந்தனரே, இணங்கும் பிள்ளைகளிலும் சிலர் தடுமாறினரே, அது ஏன் என்று கேட்டனர். சுபாவத்தில் நல்லது கெட்டது என்பதில்லை. பிள்ளையின் சுபாவத்துக்கும் பெற்றோரின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே கேள்வி என்ற விடையை அடைந்தனர். நாம் நிக்காஹ் பேசும்போது "குஃப்வு" பார்க்கிறோம்; தாய்க்கும் சேய்க்கும் குஃப்வு பார்த்துத் தருவார் எவருமில்லை. வாய்த்த பிறகு பொருத்திக்கொள்வதே வழி.

இதே தம்பதியர் நியூயார்க்கில் வாழ்ந்த பியூர்ட்டோ ரிக்கோ நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களையும் ஆராய்ந்தனர். அக்குடும்பங்களில் இத்தனை மணிக்கு உறங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே, ஒழுங்கற்ற உறக்கமுடைய குழந்தையால் எவருக்கும் தொல்லையில்லை. பள்ளிக்குச் செல்லும் வயது வந்த பிறகே அது சிக்கலாயிற்று. ஆனால், நெருக்கடியான சிறு வீடுகளும் அபாயகரமான தெருக்களும் அவர்களுக்கு வாய்த்திருந்தமையால், ஓடியாடும் பிள்ளை அங்கே பெருஞ்சுமையாயிற்று. வசதியான வீட்டுப் பெற்றோருக்கோ ஓட்டம் பொருட்டில்லை. இரவு உறக்கம் கெட்டால்தான் பொறுக்க முடியவில்லை. எந்தச் சுபாவம் "கடினம்" எனப் பெயர் பெறும் என்பதை வீட்டின் பரப்பளவும் விடியற்காலை வேலைக்குப் போகும் நேரமும் தீர்மானித்தன!

கென்யாவின் மஸாய் மக்களிடையே இதனினும் வியப்பானதொரு செய்தி கிடைத்தது. 1974-ஆம் ஆண்டின் கடும் வறட்சியின்போது மார்ட்டன் டிவ்ரீஸ் என்னும் ஆய்வாளர் அங்கே குழந்தைகளின் சுபாவத்தைப் பதிவு செய்திருந்தார். சில மாதங்கள் கழித்து மீண்டும் தேடிக் கண்டறிய முடிந்தவற்றுள், சாதுவான குழந்தைகள் ஏழில் ஐந்து இறந்திருந்தன. ஓயாது கத்தும் குழந்தைகள் ஆறில் ஒன்று மட்டுமே இறந்திருந்தது. அழுத பிள்ளை பால் குடித்தது என்ற நம்மவர் சொல்லை இது நினைவூட்டுகிறது. மிகச் சிறிய எண்ணிக்கை என்பதால் இதனைக் கொண்டு பெரிய முடிவுகளைக் கட்டக்கூடாது. ஆயினும், பஞ்ச காலத்துக் கூடாரத்தில் எது நல்ல சுபாவம், எது கெட்ட சுபாவம் என்று நாம் எப்படிச் சொல்வோம்?

1964-இல் ஸ்டெல்லா செஸ், தாய்மார்மீது பழிசுமத்தும் வழக்கத்தைக் கண்டித்து ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார். பிரெஞ்சு மொழியில் கடற்பயண மயக்கத்தைக் குறிக்கும் தொடரில் "கடல்" என்ற சொல்லை நீக்கி, ஓசையில் அதனை ஒத்த "தாய்" என்ற சொல்லை இட்டுத் தலைப்பாக்கினார். நோய் தாயிடம் இல்லை, எதற்கும் தாயையே தேடும் மருத்துவரிடம்தான் என்பது அதன் குத்தல்.

செஸ் தம்பதியர் பெற்றோரின் வாய்மொழியையே பெரிதும் நம்பினர் என்ற குறையைப் பிற்காலத்தார் கூறினர். அதில் நியாயம் உண்டு. எனினும், அவர்களுடைய பொருத்தக் கொள்கைக்கு நெதர்லாந்தில் ஒரு வலுவான சான்று பிறந்தது. எளிதில் எரிச்சலுறும் 100 குழந்தைகளையும், வருவாய் குறைந்த அவற்றின் தாய்மாரையும் தேர்ந்து, வான் டென் பூம் என்ற ஆய்வாளர் 1994-இல் முடிவுகளை வெளியிட்டார். குழந்தைக்கு ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில், பாதித் தாய்மாரின் வீடுகளுக்கு மட்டும் மூன்று முறை சென்று, இந்தச் சிணுங்கல் எதைக் கேட்கிறது, எப்போது தூக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று அவரவர் பிள்ளையைக் காட்டியே கற்றுத்தரப்பட்டது. ஒரு வயதில் பார்த்தபோது, கற்ற தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாயிடம் உறுதியான பற்றுடன் விளங்கினர். மற்றவர்களிடத்தில் அவ்வாறு விளங்கியோர் சிறுபான்மையினரே. மருந்து எதுவும் தரப்படவில்லை. அந்தத் தாய்மாரை எவரும் குறை கூறவும் இல்லை. மூன்றே மூன்று முறை, ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்து குழந்தையைப் பார்க்கக் கற்றுத் தந்தார்.