ஏழு பேரும் ஒரு மாகாண சபையும்

சென்ற தவணையில் ஒரு நாள் குடியியற் கல்வி ஆசிரியர் லீவு. பத்தாம் தரத்துக்கு என்னை அனுப்பினார்கள். நான் தமிழ் படிப்பிக்கிறவன். பாடப் புத்தகத்தைத் திறந்தால் மாகாண சபைகள். ஆளுநர், முதலமைச்சர், மேலும் நான்கு அமைச்சர்கள் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது முன் வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "இப்ப எங்கட முதலமைச்சர் யாரு சேர்?"

"ஒருத்தரும் இல்ல மகள்" என்றேன். அவள் நம்பவில்லை. புத்தகத்தில் இருக்கிறதே என்று காட்டினாள். சபை முடிவுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது இருந்திருக்கும். மாகாணத்தின் தலைநகரம் நம்முடைய திருகோணமலை. சபை கூடியதும் அங்கேதான். அந்தச் சபைக்கு முஸ்லிம் முதலமைச்சர்கள் இருவர் இருந்தார்கள் என்பதும், அவர்களில் முதலாமவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மூதூர்த் தொகுதியை நீண்ட காலம் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்தவர் மர்ஹூம் ஏ. எல். அப்துல் மஜீத். பிரதி அமைச்சராகவும் இருந்தவர். அவர் கொல்லப்பட்டது 1987 நவம்பர் 13. எனக்கு அப்போது எட்டு வயது. வாப்பா வானொலியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது. மறுநாள், நவம்பர் 14, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சட்டமானது. மாகாண சபைகள் பிறந்தது அதிலிருந்துதான். தகப்பன் மௌத்தான மறுநாள் பிறந்த சபைக்கு இருபத்தைந்து வருடம் கழித்து மகன் முதலமைச்சரானார். கதையில் எழுதினால் மிகை என்பார்கள்.

வடக்கும் கிழக்கும் இணைந்திருந்த முதலாவது சபைக்கு 1988 நவம்பரில் தேர்தல் நடந்தது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களுடன் எதிர்க்கட்சியாயிற்று. அந்தச் சபை 1990இல் முடிந்தது. உயர் நீதிமன்றத்தின் 2006 தீர்ப்புக்குப் பிறகு கிழக்கு தனியாகப் பிரிந்தது. 2008 மே 10 தேர்தலுக்காக முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் தமது பாராளுமன்ற ஆசனத்தையே துறந்துவிட்டுத் திருகோணமலையில் வந்து யானைச் சின்னத்தில் நின்றார். எங்களுக்கெல்லாம் ஒரே புளகாங்கிதம். மாகாண சபையை இவ்வளவு பெரிதாக மதிக்கிறாரே என்று. ஆனால் முதலமைச்சர் பதவி கிடைக்கவில்லை. பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். தலைவர் அதிக காலம் செல்லாமல் பாராளுமன்றத்துக்கே திரும்பிவிட்டார். சபை அவருக்கு ஓர் ஏணி, ஏணி கிடைக்காதபோது வேறு ஏணி. இப்படிச் சொல்வது கடுமையாகத்தான் இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முக்கியமான தேர்தல் 2012 செப்டம்பர் 8. அந்த வருடம் ஏப்ரல் 20ஆம் திகதி தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டிருந்தது. முஸ்லிம் காங்கிரஸ் மத்திய அரசாங்கத்தில் இருந்தது, அதன் தலைவர் நீதி அமைச்சர். ஆனாலும் கட்சி கிழக்கில் தனியாக மரச் சின்னத்தில் இறங்கியது. மேடைகளில் தம்புள்ளைதான் பேச்சு. அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டு அரசாங்கத்துக்கு எதிராக வாக்குக் கேட்பது எப்படி என்று எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். நாங்கள் அவரை வாயடைத்தோம். அந்த வாயடைத்தவர்களில் நானும் ஒருவன். மரத்துக்குத்தான் வாக்களித்தேன்.

முடிவுகள் இப்படி வந்தன. மொத்தம் 37 ஆசனங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 2,00,044 வாக்குகள், போனஸ் இரண்டோடு 14 ஆசனங்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 1,93,827 வாக்குகள், 11 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸ் 1,32,917 வாக்குகள், 7 ஆசனங்கள். ஐக்கிய தேசியக் கட்சி 4. தேசிய சுதந்திர முன்னணிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து 1.

ஆட்சி அமைக்க 19 பேர் வேண்டும். பேனா எடுத்துக் கூட்டிப் பாருங்கள். அரசாங்கத்தின் 14, அதன் கூட்டாளியின் 1, மரத்தின் 7. மொத்தம் 22. மறுபக்கம் கூட்டமைப்பின் 11, யானையின் 4, அதே மரத்தின் 7. அதுவும் 22! எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரே கணக்கு. 'எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை' என்று அரசியல்வாதிகள் வழக்கமாகச் சொல்வார்கள். 2012 செப்டம்பரில் வழி இரண்டும் சம அகலத்தில் திறந்திருந்தன. கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரஸுக்கே தருகிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். தன்னிடம் 11 இருக்க, 7 வைத்திருப்பவரிடம் தலைமையைக் கொடுக்க முன்வருவது சும்மா காரியமில்லை. தமிழரும் முஸ்லிம்களும் 1990க்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்த பார்வையை அது கொஞ்சமாவது மாற்றியிருக்கும்.

முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தோடு போயிற்று. அரசாங்கப் பட்டியலில் வென்ற நஜீப் அப்துல் மஜீத் அதே மாதத்தில் முதலமைச்சராகப் பதவியேற்றார். காங்கிரஸுக்குக் கிடைத்தது இரண்டு அமைச்சுகள். இரண்டரை வருடத்துக்குப் பிறகு முதலமைச்சர் பதவி காங்கிரஸுக்கு வரும் என்ற உடன்பாடு பற்றி அப்போதே ஊரில் பேசிக்கொண்டார்கள். தம்புள்ளைக்காக வாங்கிய ஒரு இலட்சத்து முப்பத்திரண்டாயிரம் வாக்குகளும், எந்த அரசாங்கத்துக்கு எதிராக விழுந்தனவோ அதே அரசாங்கத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன.

கிண்ணியாவில் நாங்கள் வெடி கொளுத்தினோம். அதை மறைக்க மாட்டேன். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் முதலமைச்சர். வாப்பாவிடம் நான் என் மனவருத்தத்தைச் சொன்னபோது, கடலில் காலம் தள்ளிய மனிதர், இப்படிச் சொன்னார்: "தோணிக்காரன் காத்துப் பாத்துத்தானே பாய விரிப்பான். எதிர்க்கட்சியில நிண்டு என்னத்தக் கண்டோம்?"

அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. 2009 அக்டோபரில் திறந்த கிண்ணியாப் பாலம் எங்கள் கண்முன்னே இருந்தது. 396 மீற்றர் நீளம், சவூதி நிதியுதவி. அதற்கு முந்திப் பாதைக்காகக் கரையில் காத்திருந்த காலம் எனக்கும் நினைவிருக்கிறது. பிரசவ வேதனையோடு காத்திருந்த பெண்களின் கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆளுங்கட்சியோடு நின்றால் பாலம் வரும் என்பது எங்கள் உம்மாமார் அனுபவித்து அறிந்த பாடம். இந்தப் பாடத்துக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1956இல் பொத்துவிலில் தமிழரசுக் கட்சியில் வென்ற எம். எம். முஸ்தபா அரசாங்கப் பக்கம் போனார், 1959இன் இறுதியில் நிதி அமைச்சராகவே ஆனார். கிழக்கு முஸ்லிம் அரசியலில் அந்தத் தடம் அன்றே விழுந்துவிட்டது.

பதவியைத் துறந்தவர்கள் இல்லாமலில்லை. திருகோணமலையையே எடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் கோணேஸ்வரர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய 1968இல் உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். பிரதமர் டட்லி சேனநாயக்க அதை நிறுத்தினார். திருச்செல்வம் அமைச்சர் பதவியை எறிந்துவிட்டு வெளியேறினார். மர்ஹூம் அஷ்ரஃப் 1994 உள்ளூராட்சித் தேர்தல் மேடையில் கொடுத்த சொல்லுக்காகத் தமது பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். காங்கிரஸ் தொடங்கிய மனிதரே செய்து காட்டியது அது. சில மாதங்களில் மக்கள் அவரை மீண்டும் அனுப்பினார்கள், அமைச்சராகவும் ஆனார். சொல்லைக் காப்பாற்றியவனுக்குப் பாலம் கிடைக்காது என்று யார் சொன்னது?

2012க்குத் திரும்புகிறேன். பதவியேற்ற சூடு ஆறுவதற்குள் சபைக்கு முன்னால் திவிநெகும சட்டமூலம் வந்தது. சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகாரசபைகளையும் ஒரே திணைக்களமாக்கி, மத்தியில் பசில் ராஜபக்சவின் பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் கொண்டுபோகிற சட்டம். மாகாண சபைகளைக் கேட்காமல் முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதால்தான் அது திருகோணமலைக்கே வந்தது. மாகாணத்தின் அதிகாரத்தை மத்திக்கு எடுத்துக் கொடுக்கும் சட்டத்துக்கு மாகாண சபை கை உயர்த்திச் சம்மதம் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் குறுக்கிட்ட பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை 2013 ஜனவரியில் பாராளுமன்றம் பதவி நீக்கியது.

2014 டிசம்பர் 28ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு பதினொரு நாள் இருக்க, முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தை விட்டு வந்தது. 2015 பெப்ரவரி 6ஆம் திகதி ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சரானார். தேர்தல் நடக்கவில்லை, உறுப்பினர்கள் மாறவில்லை. அதே ஏழு ஆசனங்கள் மறுபக்கம் நகர்ந்தன, அவ்வளவுதான். இந்த முறை 11 வைத்திருந்த கூட்டமைப்பு தனக்குத்தான் முதலமைச்சர் பதவி என்று கேட்டது, கிடைக்கவில்லை. 2012இல் தானமாகக் கொடுக்க வந்ததை 2015இல் கேட்டுப் பெற முடியவில்லை. பிறகு கூட்டமைப்பிலிருந்து இருவர் அமைச்சர்களானார்கள். கல்வி அமைச்சு சி. தண்டாயுதபாணி சேரிடம் வந்தது. கல்வித் துறையிலேயே இருந்த மனிதர். 2012இல் செய்திருந்தால் ஐந்து வருடம் கிடைத்திருக்கும். கிடைத்தது இரண்டரை.

பிறகு முடிவு. மாகாண சபைத் தேர்தல்களை ஒரே நாளில் நடத்தவென்று 20ஆவது திருத்தம் என்ற பெயரில் 2017இல் ஒரு சட்டமூலம் வந்தது. சபைகள் எப்போது கலைவது என்பதைப் பாராளுமன்றம் தீர்மானிக்கும் என்பது அதன் சாரம். கிழக்கு மாகாண சபை அதற்கும் சம்மதம் கொடுத்தது. அதே செப்டம்பரில் தேர்தல் முறையை மாற்றும் வேறொரு சட்டம் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுடன் நிறைவேறியது. நமது உறுப்பினர்கள் தயக்கத்தைச் சொல்லிவிட்டு ஆதரவாக வாக்களித்தார்கள். மாத இறுதியில் சபையின் காலம் முடிந்தது. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையை அமைச்சர் பைஸர் முஸ்தபா 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்புக்கு விட்டார். எதிராக 139. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. புதிய முறையில் நடத்த எல்லை இல்லை, பழைய முறையில் நடத்தச் சட்டம் இல்லை. இதை எழுதும்வரை தேர்தல் இல்லை. ஆளுநர் ஒருவர் போக இன்னொருவர் வருகிறார். எவரையும் நாங்கள் தெரிவு செய்ததில்லை.

ஹாபிஸ் நஸீர் 2020இல் பாராளுமன்றம் போனார். கொவிட் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த அந்த அக்டோபரில், ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் குவித்துக் கொடுத்த வேறோர் 20ஆவது திருத்தத்துக்கு, கட்சித் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவரும் எங்கள் மாவட்ட உறுப்பினர் எம். எஸ். தௌபீக்கும் உட்பட காங்கிரஸின் நால்வர் ஆதரவாக வாக்களித்தார்கள். ஜனாஸாவை அடக்க அனுமதி வந்தது நான்கு மாதம் கழித்து. அந்த வாக்கினால்தான் வந்தது என்பாரும் உண்டு, ஆனால் அந்த நான்கு மாதத்தில் எரிந்தவர்கள் எரிந்தவர்கள்தான். ஹாபிஸ் நஸீர் பிறகு அமைச்சரானார், கட்சி விலக்கியது, 2023 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனம் போனது. 2024இல் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். தெரிவு செய்யப்பட்ட முதலமைச்சராக இருந்தவர், சபையே இல்லாத இன்னொரு மாகாணத்துக்கு ஆளுநர்.

2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. புதிய பாலம் கட்டப் பழைய பாலத்தை உடைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்தானார்கள். ஆத்திரம் கொண்ட சனம் ஓர் அரசியல்வாதியின் வீட்டுக்குக் கல்லெறிந்தது. எனக்கும் கை துடித்தது. நான் எறியாததற்குக் காரணம் நல்ல குணமில்லை.

2013இல் நான் தூரத்துக் கஷ்டப் பிரதேசப் பாடசாலையொன்றில் இருந்தேன். உம்மாவுக்குச் சுகமில்லை. ஓர் அரசியல்வாதியின் வீட்டு வாசலில் இரண்டு சுபஹுத் தொழுகைக்குப் பிறகு காத்திருந்து ஒரு கடிதம் வாங்கினேன். "சேர் நம்மட ஆள், செஞ்சு குடுங்க" என்று யாருக்கோ போனிலும் சொன்னார். மூன்று வாரத்தில் ஊருக்கு இடமாற்றம். அதே பாடசாலையில் என்னைவிட நான்கு வருடம் கூடுதலாக இருந்த ஓர் ஆசிரியையின் விண்ணப்பம் எனக்கு மேலே இருந்தது. கைக்குழந்தைக்காரி. நான் விடைபெறப் போனபோது, "நல்லது சேர், உம்மாவப் பாத்துக்கங்க" என்றார். வாக்கு ஓர் அமானிதம் என்று மேடையில் பேச என்னையும் கூப்பிடுவார்கள். போவதில்லை.

அந்த ஆசிரியைக்கு இடமாற்றம் கிடைத்தது 2015 நடுப்பகுதியில். அப்போது கடிதம் கொடுக்கும் வீடு மாறியிருந்தது.