ஒரு சட்ட வாசகத்தின் வரலாறு

கிளிநொச்சி மாவட்டத்திலே, அக்கராயன் குளத்துக்கு அயலில், வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் ஊர் ஸ்கந்தபுரம். அவ்வூர்ப் பெண்ணொருத்தி கருவுற்று, அக்கரு அவளுக்குப் பெருந்துன்பமாய் அமைந்துவிடின், அவள் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை இன்றும் வரையறுப்பது 1883ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு வாசகமாகும். அதனை மாற்ற வேண்டும் என்றும், மாற்றலாகாது என்றும் இலங்கையில் நடந்த விவாதத்தின் வரலாறு அறியத்தக்கது.

அவ்வாசகத்தின் மூலம் இலங்கையில் பிறந்ததன்று. மெக்காலே பிரபுவின் தலைமையில் கல்கத்தாவிலே வரையப்பெற்று, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அமைந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்துடனன்றி வேறெக்காரணத்தாலும் கருவைச் சிதைப்போர் மூன்று ஆண்டு வரை சிறையிடப்படலாம். சிசு வயிற்றில் அசையத் தொடங்கிய பின்னராயின், அத்தண்டனை ஏழு ஆண்டு வரை நீளும். தன் கருவைத் தானே சிதைக்கும் பெண்ணும் இப்பிரிவினுள் அடங்குவாள்.

இதனை இயற்றிய சட்டநிரூபண சபையில் இருந்தோர் உத்தியோகத்தரும், தேசாதிபதியால் நியமிக்கப்பட்ட சிலருமேயாவர். தமிழர் சார்பில் அன்று பொன்னம்பலம் இராமநாதன் அச்சபையில் வீற்றிருந்தார். பெண்ணொருத்தியும் அங்கே இருந்திலள். இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றதே 1931இல்தான். ஆகவே, எவருடைய உடலைப் பற்றி அவ்விதி எழுதப்பட்டதோ, அவர்கள் அதுபற்றிக் கேட்கப்படவே இல்லை.

காலம் சென்றது. சட்டத்தைத் தந்தவர்களே தம் நாட்டுச் சட்டத்தை மாற்றிக்கொண்டனர். 1967இல் பிரித்தானியப் பாராளுமன்றம், இரு வைத்தியர் இணங்குமிடத்துக் குறித்த காரணங்களுக்காகக் கருக்கலைப்புச் செய்யலாம் என்று விதித்தது. இந்தியாவிலோ சாந்திலால் ஷா குழு 1964இல் நியமிக்கப்பட்டு, 1966இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 1971இல் புதிய சட்டம் பிறந்தது. 2021இல் அது மேலும் திருத்தப்பட்டு, சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இடமளிக்கப்பட்டது. இலங்கையிலே மூல வாசகம் அசையவில்லை.

அதனை அசைக்கும் முயற்சி 1995இல் தோன்றியது. அப்போதைய நீதியமைச்சர் பேராசிரியர் ஜீ. எல். பீரிஸ் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தின் முன் வைத்தார். வல்லுறவாலும், முறைதகா உறவாலும் உண்டாகும் கருவையும், கடுமையான அங்கக் குறைபாடுடைய கருவையும் நீக்க இடமளிக்கும் விதி அதிற் கூறப்பட்டிருந்தது. எதிர்ப்புப் பலமாக எழுந்தது. கருவும் ஓர் உயிரே, வாய் திறந்து பேச இயலாத அவ்வுயிருக்காகப் பேசுவோர் வேண்டும், இன்று சிறு வாயிலைத் திறப்பின் நாளை அது பெருவாயிலாகிவிடும் என்பது எதிர்த்தோர் கொள்கை. கொடுமைக்கு ஆளானவளை அக்கொடுமையின் விளைவையும் சுமக்கச் செய்வது நீதியாகாது, தடையால் கருக்கலைப்பு ஒழியவில்லை, அது மறைவிடத்துக்கே சென்றது என்பது ஆதரித்தோர் கொள்கை. இரண்டும் இலகுவில் தள்ளத்தக்கனவல்ல. முடிவில் அவ்விதி கைவிடப்பட்டது.

ஆயின் எஞ்சிய சட்டமூலம் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமாயிற்று. முறைதகா உறவு தனிக் குற்றமாக்கப்பட்டது. பாலுறவுக்கு இணங்கும் வயது பன்னிரண்டிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. இங்கேதான் முரண்பாடு புலனாகின்றது. ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சட்டம் குற்றமென உரத்துச் சொல்லிற்று. அக்கொடுமையால் அவள் கருவுற்றால் என் செய்வது என்ற வினாவுக்கு மட்டும் 1883இன் விடையையே மீண்டும் அளித்தது.

அவ்வாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் வன்னியை அடைந்தனர். 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமாகவே, ஸ்கந்தபுரமும் அக்கராயனும் அகதிகளால் நிறைந்தன. மரநிழலிலும் கொட்டிலிலும் குடும்பங்கள் வாழ்ந்த அந்நாட்களில், கொழும்பிலே கைவிடப்பட்ட விதியைப் பற்றி அங்குள்ள பெண்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அறியாதார்க்கும் சட்டம் சட்டமே.

2017இல் நீதியரசர் புவனேக்க அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரைகளையொட்டிச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சி மீண்டும் எழுந்தது. அமைச்சரவையும் இணங்கியது. கத்தோலிக்க ஆயர் பேரவை முதலிய சமய அமைப்புகள் எதிர்த்தன. முயற்சி சட்டமாகவில்லை.

விவாதம் முடிவுறாது நிற்பினும், வாழ்க்கை நிற்பதில்லை. இலங்கையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 கருக்கலைப்புகள் நிகழ்வதாக நெடுங்காலமாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு கூறுகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை சட்டத்துக்குப் புறம்பானவை. பொருளுள்ளவள் பாதுகாப்பான வழியைத் தேடிக்கொள்வாள். பொருளற்றவள் அறியாதார் கையில் உயிரை ஒப்புவிப்பாள். கிருமி தொற்றிய பின்னரும், தண்டனைக்கு அஞ்சி வைத்தியசாலைப் படியேறத் தயங்குவாள்.

ஒரு பொருள்பற்றித் தீர்மானியாது விடுவதும் சட்டசபையின் தீர்மானமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. கருவின் உயிரைப் போற்றுவோரும், தாயின் துயரை எண்ணுவோரும் தத்தம் நியாயத்தை முழுமையாக எடுத்துரைத்து, இக்காலத்து மக்கள் பிரதிநிதிகள் தாமே முடிவு காணுதல் வேண்டும். அதுவரை 1883இல் இருந்தோரின் முடிவே நாட்டின் முடிவாகும். அதன் சுமையோ விவாதித்தோர் தோளிலன்று, ஸ்கந்தபுரம் போன்ற ஊர்களில் வாய்திறவாது வாழும் பெண்களின் தோளிலேயே இருக்கும்.