திரை கறுத்தால் உடனே ஃபார்மெட் வேண்டாம்: லினக்ஸ் மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் டிரைவர் கோளாறு

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஈப்போவிலும் சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர் வட்டாரங்களிலும் நம் வீடுகளில் உள்ள மடிக்கணினிகளில் பல இந்தக் கணக்கில் வராதவை. அண்ணன் படித்து முடித்துத் தங்கைக்குக் கொடுத்தது, இரண்டாம் கையாகச் சில நூறு வெள்ளிக்கு வாங்கியது என்று இருக்கும். புதியது வாங்க வழியில்லாதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற திறமூல மென்பொருளுக்கு மாறுகிறார்கள். காசு இல்லை, பழைய கணினியிலும் நன்றாக ஓடும். நல்ல முடிவுதான்.

மாறியவர்கள் முதலில் பயப்படுவது கறுப்புத் திரையைக் கண்டுதான். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தில் மகள் டிப்ளோமா கடைசி ஆண்டு. இரவு அப்டேட் போட்டாள்; காலையில் திரை வரவில்லை. கடையில் கேட்டதற்கு, ஃபார்மெட் போட வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றார்களாம். அவளுடைய இறுதி ஆண்டு அறிக்கை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. கணினி என்னிடம் வந்தபோது நான் செய்தது ஒன்றுதான்: தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து நிமிடத்தில் திரை வந்தது, அறிக்கையும் அப்படியே இருந்தது.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

கணினியை முழுமையாக அணைத்துவிட்டு மறுபடி திறந்து, முதல் சில வினாடிகளைக் கவனியுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தெளிவாக வந்து, அதன் பிறகு திரை கறுத்தால் கோளாறு பெரும்பாலும் டிரைவரில்தான். சின்னமே வரவில்லை, அல்லது சின்னம் வரும்போதே கோடு கோடாக, கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் அது வன்பொருள் பழுது; அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. இருட்டில் கைப்பேசி விளக்கைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் போனது திரையின் பின்விளக்கு. எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அதில் படம் சரியாக வந்தால் மடிக்கணினியின் திரையிலோ அதன் கம்பியிலோதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பேராக்கில் மாலை மழையோடு வரும் இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இடி இறங்கிய இரவுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் சார்ஜரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திரை கறுத்திருக்கும்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, படம் காட்டத்தான் முடியவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டும் உள்ள திரை வந்தால் சந்தேகமே வேண்டாம், டிரைவர்தான்.

ஏன் இப்படி ஆகிறது

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமரம். கிராஃபிக்ஸ் சில்லோடு அது பேசுவதற்கான மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான டிரைவர்கள் திறமூலமாகக் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் தேடிப் போட வேண்டியதில்லை. என்விடியாவின் சொந்த டிரைவர் அப்படியல்ல. அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதுவும் புதிய கெர்னலுக்கு ஏற்ப மறுபடி பொருந்த வேண்டும். பொருந்தாத நாளில் திரை கறுக்கிறது.

என்விடியாவுக்குத் திறமூல மாற்று ஒன்று உண்டு, பெயர் நூவோ. நிறுவனத்தின் உதவி அதிகம் இல்லாமல் ஆர்வலர்கள் எழுதியது என்பதால் வேகம் குறைவு. ஆனால் தட்டச்சு, இணையம், பாடம் போன்றவற்றுக்குப் போதும். 2012இல் பின்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை வெளிப்படையாகவே திட்டினார். அந்த நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட 2022 மே வரை ஆனது. அதுவும் புதிய சில்லுகளுக்கு மட்டும்தான். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

திரையை மீட்கும் வழி

கணினியைத் திறந்ததும் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். மிகப் பழைய கணினியாக இருந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். எஸ்கேப்பை அதிகம் தட்டி வெறும் கட்டளை வரி வந்துவிட்டால் பதற வேண்டாம், அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரிக்குள் போனால் கெர்னல்கள் எண்களோடு நிற்கும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதே எண்ணில் 'ரெக்கவரி' என்று முடியும் வரி வேண்டாம். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் பட்டியலின் முதல் வரியில் நின்று 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். வரிகள் நிறைந்த ஒரு திரை வரும். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, 'நோமோட்செட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். எழுத்துக்கூட்டினால்: என், ஓ, எம், ஓ, டி, ஈ, எஸ், ஈ, டீ. பிறகு எஃப்10. கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாமல் சாதாரணப் படத்தோடு மட்டும் வா என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். திரை சற்றுக் கரடுமுரடாக, மெதுவாக வரும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. மறுபடி திறந்தால் பழைய நிலைதான். அதனால் உள்ளே வந்ததும் முதல் வேலையாக முக்கியக் கோப்புகளை விரலியில் நகலெடுத்துவிட்டு, பிறகு டிரைவரைக் கவனியுங்கள்.

மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்'. அங்கே என்விடியாவின் பல பதிப்புகள் எண்களோடு இருக்கும், நூவோவும் இருக்கும். முதலில் நூவோவைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். திரை ஒழுங்காக வந்தால், பிறகு 'ரெக்கமெண்டட்' என்று குறித்த பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். எண்ணுக்குப் பின்னால் 'ஓபன்' என்று இருந்தால் கவனம். அதுதான் நான் மேலே சொன்ன புதிய சில்லுகளுக்கானது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்துதான் அது வேலை செய்யும். நம் கையில் உள்ள ஜிடிஎக்ஸ் 950, 1050 போன்றவற்றில் அதைப் போட்டால் டிரைவர் ஏறவே ஏறாது. இந்த 900, 10 வரிசைகளுக்கு 580 என்ற பதிப்பே கடைசி என்று என்விடியா 2025இல் அறிவித்தது. அதைவிடப் பழைய 400, 500 வரிசைகளுக்கான ஆதரவு 2022 இறுதியிலேயே முடிந்துவிட்டது. அவற்றுக்கு நூவோதான் கதி. என்விடியா இணையத்தளத்திலிருந்து நேராக இறக்கிப் போடாதீர்கள். அடுத்த கெர்னல் அப்டேட்டில் அது உடையக்கூடும், பிடுங்கி எடுப்பதும் சிரமம்.

உங்கள் சில்லு எதுவென்று தெரியாதா? விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அது உரிந்து போயிருந்தால் டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். வரும் வரிகளில் விஜிஏ அல்லது 3டி என்று இருக்கும் வரியில் பெயர் இருக்கும். இரண்டு பெயர்கள் வந்தால் இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த இரட்டைச் சில்லு மடிக்கணினி. படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் இன்டெல் மட்டும் போதும். பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும், வெப்பமும் குறையும்.

டிரைவர் போட்டும் வேலை செய்யாததற்கு இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அடுத்த தடவை திறக்கும்போது நீலத் திரை ஒன்று வந்து பத்து வினாடி காத்திருக்கும். அதைப் பிழை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். உண்மையில் அங்கே ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மாக்', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய், அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கெர்னல் அந்த டிரைவரை உள்ளே விடாது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

திரை கறுக்கவில்லை, ஆனால் யூடியூப் விட்டு விட்டு ஓடுகிறது, காற்றாடி ஓயாமல் சுற்றுகிறது என்றால் அமைப்புகளில் 'அபௌட்' பகுதியில் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். சில்லின் பெயருக்குப் பதில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை, செயலியே படம் வரைந்து களைத்துப் போகிறது. நோமோட்செட்டை யாராவது நிரந்தரமாகப் போட்டுவிட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். உபுண்டு 24.04இல் திரை மினுக்கினால், உள்நுழையும் இடத்தில் பல்சக்கரச் சின்னத்தை அழுத்தி 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' என்பதற்கு மாறிப் பாருங்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது வேறொன்று: அப்டேட் பாதியில் இருக்கும்போது ப்ரீபெய்ட் டேட்டா தீர்ந்துவிடும், அல்லது கரண்ட் போய்விடும். பாதி நிறுவிய டிரைவரால் திரை வராது. முன்பு வேண்டாம் என்ற ரெக்கவரி வரி இதற்குத்தான் உதவும். அதற்குள் போனால் 'டிபிகேஜி' என்று ஒரு தேர்வு இருக்கும். உடைந்த பொதிகளை அது சரிசெய்யும். வட்டு நிறைந்துபோனதுதான் காரணம் என்றால் அதற்கு மேலே உள்ள 'கிளீன்'. என்விடியா டிரைவர் சில நூறு எம்பி இருக்கும். தோட்டப்புறத்தில் சிக்னல் தடுமாறும் இடத்தில் அதை இறக்கத் தொடங்காமல், டவுனுக்கு வரும்போதோ அருகிலுள்ள நாடி மையத்திலோ, சார்ஜரைச் செருகிக்கொண்டு செய்யுங்கள். வைஃபை வரவில்லை என்றால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங்கைத் திறந்துவிடுங்கள். அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை.

மின்ட்டில் 'டைம்ஷிஃப்ட்' என்ற மென்பொருள் கூடவே வரும். ஒழுங்காக ஓடும் நாளில் அதில் ஒரு பதிவு எடுத்து வைத்தால், கெட்டுப்போன நாளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் சொந்தக் கோப்புகளை அது காப்பதில்லை, கணினியின் அமைப்பை மட்டுமே. கோப்புகளுக்கு விரலிதான்.

எதுவும் கைகூடவில்லையா? லினக்ஸ் மின்ட் போட்ட யூஎஸ்பியை மறுபடி செருகி, 'கம்பாட்டிபிலிட்டி மோட்' வழியாகத் திறங்கள். உபுண்டுவில் அதன் பெயர் 'சேஃப் கிராஃபிக்ஸ்'. நிறுவ வேண்டாம், சும்மா ஓட்டினால் போதும். கோப்பு மேலாளரில் உங்கள் வட்டைத் திறந்து, 'ஹோம்' கோப்புறையை வெளி வட்டுக்கு நகலெடுங்கள். வட்டைப் பூட்டி வைத்திருந்தால் அதன் கடவுச்சொல் வேண்டும். நகல் கைக்கு வந்த பிறகு ஃபார்மெட் போட்டாலும் இழப்பு இல்லை.

கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும் என்றால் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: சில்லின் பெயர், லினக்ஸின் பெயரும் பதிப்பும், திரை போவதற்கு முன் கடைசியாக என்ன செய்தீர்கள் என்பது. "என்னைக் கேட்காமல் ஃபார்மெட் போட வேண்டாம்" என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.