பசுவின் சினையும் மூளையின் ஆணையும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே லயத்தின் பின்னே கட்டிய பசு சினைப்படாவிடின், அக்குடும்பத்திற்குப் பாலும் இல்லை, பாற்காசும் இல்லை.

சூலகத்தை ஆள்வது கபச்சுரப்பி. அதனை ஆள்வது மூளை. நரம்பாலன்றி நுண்ணிய குருதிக் குழாய்களின் வழியே மூளை அதற்கு ஆணையிடுகிறது என்பதை ஆங்கில அறிஞர் ஜெப்ரி ஹாரிஸ் ஆராய்ந்து காட்டி, 1955இல் நூலாக்கினார்.

அவ்வாணைப் பொருளை அறிய, அமெரிக்காவில் அன்ட்ரூ ஷாலி ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளின் மூளைத் துணுக்குகளை அரைத்து வடித்தார். ரோஜர் கியெமின் செம்மறியாடுகளின் மூளையில் தேடினார். 1971இல் விடை கிடைத்தது: பத்து அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி. 1977இல் இருவரும் நோபெல் பரிசிற் பங்குபெற்றனர்.

இன்று அதனைச் செயற்கையாய் ஆக்கி, கால்நடை மருத்துவர் ஊசியாக ஏற்றுகிறார். ஆயினும் தீனியின்றி மெலிந்த பசுவின் மூளை அவ்வாணையைத் தானே குறைத்துவிடும். ஆதலின் ஊசிக்கு முன்னே புல்லுக்கட்டு வேண்டும்.